இரண்டாவது ஊசி

இந்தக் காலத்து மனிதர்களுக்குச் சண்டை போடக்கூடத் தெரியவில்லை. சண்டை என்றால் வாய்விட்டுப் போட வேண்டும். நாலு பேர் கூட வேண்டும், இரண்டு பேர் விலக்கிவிட வேண்டும், திட்டுவதற்கு வார்த்தை தீர்ந்துபோய் மூச்சு வாங்கி உட்கார வேண்டும். அதோடு போயிற்று. இப்போது அப்படியா? முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். ஒரே அறையில் முதுகு காட்டி நிற்கிறார்கள். கேட்டால், "எங்களுக்குள்ள ஒண்ணும் இல்லியே" என்கிறார்கள். ஒன்றும் இல்லாமலா ஒருத்தி உள்ளே வந்தால் இன்னொருத்தி வெளியே போகிறாள்?

பெண்கள் வார்டில் ஜன்னல் ஓரக் கட்டிலுக்குப் பக்கத்தில், இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு கிழவர் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். கட்டிலில் அவர் பெண்டாட்டி. சர்க்கரை வியாதி, காலில் ஆறாத புண். புண்ணைக் கீறிச் சுத்தம் செய்து கட்டுப் போட்டிருந்தார்கள். கால் தப்பித்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். கிழவர் நம்பவில்லை. டாக்டர் என்றில்லை, அவர் யாரையும் எளிதில் நம்புகிற ஆள் இல்லை. மரக்கடையில் வாட்ச்மேனாக இருந்தவர். பூட்டைப் பூட்டிவிட்டு ஒரு தடவை இழுத்துப் பார்ப்பவர்கள் உண்டு. இவர் இழுத்துப் பார்த்து, கொஞ்ச தூரம் போய், திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். "உங்க இம்சை தாங்காமலே அந்தப் பூட்டு துரு புடிச்சுப் போச்சு" என்பாள் பெண்டாட்டி.

ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு பூட்டுக்குப் பதில் அவள். தூங்கினால் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பார். மாத்திரை கொடுத்தால் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் தெரியும், அதிலும் மாத்திரை அட்டையில் இருப்பது எறும்பு ஊர்ந்த எழுத்து. ஆனாலும் பார்த்துவிட்டு, "ம், குடு" என்பார், இவர் கையெழுத்துப் போட்டால்தான் மருந்து உள்ளே போகும் என்பதுபோல.

அந்த வார்டை இரண்டு நர்ஸ்கள் பார்த்துக்கொண்டார்கள். பகலுக்கு ஒருத்தி, சாயங்காலத்திலிருந்து ஒருத்தி. பகலில் வருகிறவள் உயரம், கதவு நிலையில் தலை இடிக்குமோ என்று பார்க்கிறவர்களுக்குப் பயம் வரும். வார்டுக்காரர்கள் மறைவில் வைத்த பெயர் நெட்டை சிஸ்டர். சாயங்காலம் வருகிறவள் வயதில் மூத்தவள், தடித்த கண்ணாடி, அதை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு மேலே இருந்து பார்ப்பாள். கண்ணாடி சிஸ்டர். இரண்டு பேருக்கும் கை லேசு. குத்துகிற ஊசி தெரியாது. அதை மட்டும் கிழவர் ஒப்புக்கொள்வார், அதுவும் வாய்விட்டு இல்லை.

ஆனால் இரண்டு பேரும் ஒருத்தியோடு ஒருத்தி பேசுவதில்லை. சாயங்காலம் ஒருத்தி போய் ஒருத்தி வருகிற நேரத்தில் பார்க்க வேண்டும். நெட்டை மேஜையில் ஃபைலை வைத்துவிட்டு இந்த வாசலால் போவாள். கண்ணாடி அந்த வாசலால் வந்து ஃபைலை எடுப்பாள். நடுவில் இருக்கிற காற்றுக்குக்கூட ஒரு வார்த்தை கிடைக்காது.

காரணம் பக்கத்துக் கட்டில்காரி மூலமாகத்தான் தெரிந்தது. அவள் தையல்காரி. வயிற்றில் ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தாள், ஆனால் வாய்க்கு ஆபரேஷன் ஆகவில்லை.

"அண்ணே, உங்களுக்கு விஷயமே தெரியாதா? ரெண்டும் நகமும் சதையுமா இருந்துச்சுங்க. ஒரே டப்பாவுல சாப்பிடுங்க. நெட்டை 'அக்கா, அக்கா'ன்னு அது பின்னாலயே சுத்தும்."

"அப்புறம் என்ன கேடு வந்துச்சு?"

"கடைசிக் கட்டில்ல இருந்த பொம்பளைக்குக் கட்டுப் பிரிச்சுப் பார்க்காம விட்டுட்டாங்க. பெரிய டாக்டர் வந்து குதிகுதின்னு குதிச்சாரு. யார் வேலை இதுன்னாரு. கண்ணாடி பட்டுனு சொல்லிடுச்சு, 'என் டியூட்டி இல்ல சார்'னு. நெட்டைக்கு அத்தனை பேர் முன்னாடி மூஞ்சி செத்துப்போச்சு. அன்னியோட அக்காவும் இல்ல, தங்கச்சியும் இல்ல."

"நெஜமா யார் விட்டது?"

"அது யாருக்குண்ணே தெரியும்? எனக்குத் தைக்கத்தான் தெரியும், பிரிச்சுப் பார்க்கத் தெரியாது."

கிழவருக்குச் சிரிப்பு வரவில்லை. இவர்கள் இரண்டு பேர் கையிலும்தானே அவள் கிடக்கிறாள்.

அதற்குள் இன்னொரு வேலையும் அவர் தலையில் விழுந்தது. ஃபைலில் எழுத முடியாத சின்னச் சின்ன விஷயங்கள் இருக்கும் அல்லவா, அதை ஒருத்தி மற்றவளுக்குச் சொல்ல ஆள் தேவைப்பட்டது. வார்டு ஆயாவிடம் சொல்லிப் பார்த்தார்கள். "எனக்கு இருக்கறது ஒரு வாய், வேலை நூறு" என்று அவள் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். எந்நேரமும் ஸ்டூலை விட்டு எழுந்திருக்காத ஆள் ஒருவர்தான் இருந்தார். ஒரு நாள் நெட்டை கிளம்பும்போது சொன்னாள்: "ஐயா, அடுத்து வர்றவங்ககிட்ட சொல்லிடுங்க. அம்மா கால் கட்டு ஈரமா இருந்துச்சு, நான்தான் மாத்தினேன்னு."

வாட்ச்மேன் வேலை பார்த்தவர் ஆயிற்றே. சொன்னதை ஒரு எழுத்துக் குறையாமல் ஒப்பித்தார். 'நான்தான்' என்ற இடத்தில் அவள் கொடுத்த அழுத்தத்தைக்கூட விடவில்லை.

கண்ணாடி சிஸ்டருக்கு முகம் சிவந்தது. "ஓஹோ. நான் ஈரத்தோட விட்டுட்டுப் போனேன்னு சொல்லி அனுப்பிச்சாங்களா? இங்க பாருங்க ஐயா, இனிமே அவங்க பேச்ச எங்கிட்ட கொண்டு வராதீங்க. புரியுதா?"

சொல்லிக்கொண்டே காலில் இருந்த பிளாஸ்திரியைப் பிய்த்தாள். பெண்டாட்டி "ஸ்ஸ்" என்று பல்லைக் கடித்தாள்.

அந்தச் சத்தம் கிழவரின் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அவள் போன பிறகு, "வலிக்குதா?" என்று கேட்டார்.

"பிளாஸ்திரின்னா இழுக்கத்தான் செய்யும். பூவா தூவுவாங்க?"

"கோவத்துல இழுத்தா."

"உங்களுக்கு எல்லாமே கோவந்தான். சும்மா இருங்க."

அவர் சும்மா இருந்தார். அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்துதான் சும்மா இருந்தார். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். தன்மேல் விழுந்தால் பரவாயில்லை, தோல் தடித்த உடம்பு. ஆனால் இங்கே அடி விழுவது இன்னொரு உடம்பின்மேல். அவர் ஒரு வார்த்தை தப்பாகப் பேசினால் அவர்கள் கோபம் ஊசி வழியாக, பிளாஸ்திரி வழியாக அவள் உடம்பில் இறங்கும். ஆக, வாயைத் திறப்பதில்லை. நெட்டை சொன்னால் தலையாட்டுவது. கண்ணாடி வந்தால் ஜன்னலைப் பார்ப்பது.

அப்படித்தான் அந்தச் சாயங்காலம் வந்தது.

சாப்பாட்டு வண்டி வருகிற நேரம். சாப்பிடுவதற்கு முன்னால் அவளுக்குச் சர்க்கரையைக் குறைக்கிற இன்சுலின் ஊசி போட வேண்டும். நெட்டை சிஸ்டர் ஆரஞ்சு மூடி போட்ட சின்ன ஊசியைக் கொண்டுவந்து கையில் போட்டாள். காலையில் கட்டு மாற்றிய வலிக்கு என்று கொடுத்த மாத்திரையில் பெண்டாட்டி அரைத் தூக்கத்தில் இருந்தாள், கண்ணைத் திறக்கவில்லை. நெட்டை மூடியை மாட்டி, ஃபைலை எடுக்கக் கை நீட்டினாள். அந்த நேரம் பார்த்துக் குளியலறைப் பக்கம் தடால் என்று சத்தம். யாரோ ஒரு பொம்பளை, "ஐயோ, அம்மா!" என்று அலறினாள்.

நெட்டை ஓடினாள். ஓடும்போதே திரும்பி, "ஐயா, சாப்பாடு வந்ததும் குடுத்துடுங்க. அவங்க வந்தா ஊசி போட்டாச்சுன்னு சொல்லிடுங்க!" என்றாள்.

கிழவர் தலையாட்டினார்.

குளியலறையில் வழுக்கி விழுந்தவளைத் தள்ளுவண்டியில் ஏற்றி எக்ஸ்ரே எடுக்கக் கொண்டுபோனார்கள். நெட்டையும் கூடவே போய்விட்டாள். சாப்பாட்டு வண்டி வரவில்லை. கிழவர் எழுந்து வாசல்வரை போய்ப் பார்த்தார். "வண்டிச் சக்கரம் கழண்டுக்கிச்சாம், மாட்டிட்டிருக்காங்க" என்றாள் ஆயா. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

கண்ணாடி சிஸ்டர் வந்தாள். ஃபைலை எடுத்தாள். கண்ணாடியை இறக்கிப் படித்தாள். உதட்டைச் சுழித்தாள். "ஊசிகூடப் போடாம போயிட்டாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மருந்து அலமாரியைத் திறந்தாள்.

கிழவருக்கு அவள் முணுமுணுத்தது சரியாகக் கேட்கவில்லை. ஆனால் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டார். ஆரஞ்சு மூடி.

சொல்லிவிடலாம். ஒரே வார்த்தை, 'போட்டாச்சு'. ஆனால் யார் போட்டார்கள் என்று கேட்பாள். அவர்கள் என்றால், அவர்கள் பேச்சை என்னிடம் கொண்டுவராதே என்று சொன்னேனா இல்லையா என்பாள். அப்புறம் அந்தக் கோபத்தோடு இந்தக் கையைத்தானே பிடிப்பாள்?

"அம்மா..." என்றார்.

"என்ன?" கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை.

"ஒண்ணும் இல்லம்மா."

சிஸ்டர் பெண்டாட்டியின் கையை எடுத்தாள். பஞ்சால் துடைத்தாள். கிழவர் பார்த்துக்கொண்டே இருந்தார். இது வேறு ஊசியாக இருக்கும். சாயங்காலத்துக்கு என்று தனியாக ஒன்று புதிதாகச் சொல்லியிருப்பார்கள். ஃபைலைப் படித்துவிட்டுத்தானே போடுகிறாள், படித்தவளுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப் போகிறது? வாழ்நாளில் அவர் முக்கி முனகி ஒருத்தரை நம்ப முயன்றது அந்த ஒரு சமயத்தில்தான். ஊசி உள்ளே போனது. தூக்கத்திலேயே அவள் முகத்தைச் சுளித்தாள். அவ்வளவுதான்.

சாப்பாட்டு வண்டி இன்னும் வரவில்லை.

கிழவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் யாரோ மணி அடித்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவள் மேல் உதட்டில் பொடிப்பொடியாக வேர்வை தெரிந்தது. புழுக்கம் என்று நினைத்துத் துண்டால் ஒற்றினார். ஒற்றிய இடத்தில் மறுபடியும் பூத்தது. கையைத் தொட்டார். சில்லென்று, கிணற்றிலிருந்து எடுத்த கயிறு மாதிரி இருந்தது.

அவள் கண்ணைத் திறந்தாள். "கேட்டப் பூட்டிட்டீங்களா?" என்றாள்.

"எந்தக் கேட்டு?"

"மரக்கடை கேட்டு. பூட்டாம வந்துட்டீங்க. போங்க, போய்ப் பூட்டிட்டு வாங்க."

மரக்கடை மூடி எத்தனையோ வருஷம் ஆகிறது. "பூட்டிட்டேன்" என்றார். "பூட்டிட்டேன், இழுத்துப் பார்த்துட்டேன்."

அவள் அவரையே பார்த்தாள். கை நடுங்க ஆரம்பித்தது. "நீங்க யாரு?" என்றாள்.

அந்தக் கேள்வியில் அவர் ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு எழுந்த சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது. கூப்பிட வேண்டும், சிஸ்டர் என்று கூப்பிட வேண்டும். ஆனால் வாயில் வந்தது அது இல்லை.

"ரெண்டு போட்டாங்க! ரெண்டு ஊசி போட்டாங்க! ஐயோ, ரெண்டு போட்டாங்களே!"

கண்ணாடி சிஸ்டர் மேஜையிலிருந்து பாய்ந்து வந்தாள். அதே நேரத்தில் எழுதாமல் விட்ட ஃபைலை எழுதுவதற்காக எக்ஸ்ரே அறையிலிருந்து திரும்பிய நெட்டை, வாசலில் நின்று ஒரு நொடி பார்த்துவிட்டு ஓடி வந்தாள். கட்டிலின் இரண்டு பக்கமும் இரண்டு பேர்.

"நீ போட்டியா?" என்றாள் கண்ணாடி. எவ்வளவோ நாளுக்குப் பிறகு அவள் மற்றவளிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"போட்டேன். நீங்க?"

"நானும் போட்டுட்டேன்டி."

ஒரு மூச்சு நேரம் இரண்டு பேரும் அசையவில்லை. கிழவருக்கு அந்த ஒரு மூச்சுதான் கடைசிவரை மறக்கவில்லை. அப்புறம் நெட்டை அவள் விரலைப் பிடித்துக் குத்தி ரத்தத்தை மெஷினில் வைத்தாள். "அக்கா, சுகர் ரொம்பக் கம்மி! அக்கா, குளுக்கோஸ்!"

"எடுத்துட்டேன். கையில ட்ரிப்ஸ் லைன் ஓடுதா பாரு."

"ஓடுது, ஓடுது. குடுங்க."

"தலையப் பிடிச்சுக்கோ, சாயுது. ஆயாம்மா, டாக்டரக் கூப்பிடுங்க, ஓடுங்க!"

ஒருத்தி நீட்டுவதற்குள் மற்றவள் வாங்கினாள். ஒருத்தி சொல்வதற்குள் மற்றவள் செய்தாள். நான்கு கையும் ஒரே உடம்புக் கைபோல வேலை செய்தன. கிழவர் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றார். சாமி பெயரைச் சொல்லக்கூட வாய் வரவில்லை. தையல்காரி தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்து, "ஒண்ணும் ஆகாதுண்ணே, ஒண்ணும் ஆகாதுண்ணே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

டாக்டர் வந்தார். மருந்து ஏறியது. மறுபடி விரலைக் குத்தினார்கள், மறுபடி ஏற்றினார்கள். பெண்டாட்டியின் முகத்தில் வேர்வை நின்றது. கண் மெதுவாகச் சுற்றி எல்லாரையும் பார்த்தது.

"எதுக்கு இத்தனை பேர் சுத்தி நிக்கறீங்க? நான் செத்துட்டேனா?"

"இல்லக்கா" என்றாள் தையல்காரி. "போற வழியில திரும்பிட்டீங்க."

"சாப்பாடு வந்துச்சா?" என்றாள் அவள். கிழவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலையில் மேட்ரன் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேட்ரன் பருத்த பெண்மணி, இடுப்பில் சாவிக்கொத்து. நெட்டையும் கண்ணாடியும் அலமாரிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தியாக நின்றார்கள். நாற்காலி கிழவருக்கு மட்டும்தான் போட்டிருந்தது. அதைப் பார்த்ததுமே அவருக்குச் சந்தேகம் வந்தது. மரியாதை கொடுக்கிறார்கள் என்றால் பழியைத் தலையில் வைக்கப் போகிறார்கள். பிடித்து வெளியே அனுப்பிவிட்டால்? கட்டிலைக் காலி பண்ணு என்றுவிட்டால்? அந்தக் காலோடு அவளை எங்கே கொண்டுபோவது?

"ஐயா, தப்பு எங்க பேர்ல. மொதல்ல அத சொல்லிடறேன்" என்றாள் மேட்ரன்.

இவ்வளவு சீக்கிரம் தப்பை ஒப்புக்கொள்கிறவர்களிடம் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று கிழவர் நினைத்துக்கொண்டார். "ம்" என்றார்.

"ஃபைல்ல எழுதல மேடம்" என்றாள் கண்ணாடி. "எழுதாத ஊசி போடாத ஊசிதான். அப்படித்தான எங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்க?"

"விழுந்து கெடந்தவங்கள விட்டுட்டு எழுதிட்டு நிக்கணுமா மேடம்?" என்றாள் நெட்டை. "சொல்லச் சொல்லிட்டுத்தான் ஓடினேன்."

"யார்கிட்ட சொல்லச் சொன்னே?"

மூன்று பேர் கண்ணும் கிழவர்மேல் வந்து நின்றது.

"உங்ககிட்ட சொன்னாங்களா ஐயா?"

"சொன்னாங்க."

"நீங்க சொல்லலியா?"

"சொல்லல."

"ஏன்?"

கிழவருக்குச் சுர்ரென்று ஏறியது. "நான் என்ன தபால் பெட்டியா? ரெண்டு பேரும் சம்பளம் வாங்கறீங்க, ரெண்டு பேருக்கும் வாய் இருக்கு. நடுவுல நான் எதுக்கு? இவங்க பேச்ச அவங்ககிட்ட கொண்டு போனா அவங்க கடிக்கறாங்க. கொண்டு போகலேன்னா..." அங்கே குரல் உடைந்தது. உடைந்ததில் அவருக்கே கோபம் வந்தது. "பயம்மா. வேற என்ன? அன்னிக்கு இவங்க பேச்ச சொன்னேன். அந்தம்மா பிளாஸ்திரியப் பிச்சாங்க, அவ துடிச்சா. நான் வாயத் தொறந்தா வலி அவளுக்கு. அதான் பேசல. ஊசி எடுத்துட்டு வர்றப்பவும் பார்த்துட்டுத்தான் இருந்தேன். போட்டாச்சுன்னு தெரியும். தெரிஞ்சும் பேசல. போதுமா?"

கண்ணாடி சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றினாள். அது இல்லாமல் பார்த்தால் ரொம்பக் களைத்த முகம். "ஐயா, நான் வேணும்னு இழுக்கலை. அந்த பிளாஸ்திரி அப்படித்தான், மெதுவா இழுத்தா இன்னும் வலிக்கும்."

"அது எனக்கு எப்படிம்மா தெரியும்? நீங்க ரெண்டு பேரும் பேசாம இருந்தா, நீங்க எது செஞ்சாலும் எனக்குக் கோவமாத்தான் தெரியுது."

மேட்ரன் சாவிக்கொத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"அந்தக் கடைசிக் கட்டில் கட்டு. யார் விட்டது?"

நெட்டை ஜன்னலைப் பார்த்தாள். கண்ணாடிதான் கடைசியில் பேசினாள். "அவ பார்ப்பான்னு நான் விட்டேன். நான் பார்ப்பேன்னு அவ விட்டிருப்பா. டாக்டர் முன்னாடி நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். நெட்டை ஏதாவது சொல்வாள் என்று கிழவரும் பார்த்தார். "சரி" என்றாள் நெட்டை. அவ்வளவுதான்.

"இங்க பாருங்க" என்றாள் மேட்ரன். "நீங்க ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சுக்கணும்னு நான் கேக்கல. ஒரே டப்பாவுல சாப்பிடுங்க, இல்ல தனித்தனியா சாப்பிடுங்க. ஆனா இன்னியிலேருந்து டியூட்டி மாறும்போது ரெண்டு பேரும் ஒவ்வொரு கட்டில் காலடியிலயும் நிக்கணும். போறவ வாயால சொல்லணும். வர்றவ அதையே திருப்பிச் சொல்லணும். அப்புறம் படுத்திருக்கறவங்கள, இல்ல கூட இருக்கறவங்கள, 'ஏதாவது விட்டுப்போச்சா'ன்னு கேக்கணும். யார் மூலமாவும் சேதி அனுப்பறது இன்னியோட முடிஞ்சுது. முத ஒரு வாரம் நான் கூட நிப்பேன்." பிறகு கிழவர் பக்கம் திரும்பினாள். "உங்களையும் கேப்பாங்க ஐயா. பயப்படாம சொல்லுங்க."

"பயப்படாதேன்னு சொன்னா பயம் போயிடுமா?" என்றார் கிழவர். எழுந்து வந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் அவர் ஸ்டூலை விட்டு நகரவில்லை. சாப்பாட்டு வண்டி முன்னாலேயே வந்துவிட்டது, சக்கரம் கிறீச்சிட்டது. கண்ணாடி வந்தாள். நெட்டை போகவில்லை. இரண்டு பேரும் வந்து கட்டில் காலடியில் நின்றார்கள், நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம் விட்டு. பின்னால் மேட்ரன், கல்யாண மண்டபத்து வாசலில் மாமியார் நிற்கிற மாதிரி.

நெட்டை சொன்னாள்: "சாயங்கால சுகர் பார்த்தாச்சு. ஊசி போட்டாச்சு, எழுதியாச்சு. சாப்பாடு இன்னும் குடுக்கல. கட்டு காலையில மாத்தினது, காஞ்சிருக்கு."

கண்ணாடி திருப்பிச் சொன்னாள்: "சுகர் பார்த்தாச்சு. ஊசி போட்டாச்சு. சாப்பாடு குடுக்கணும். கட்டு காஞ்சிருக்கு."

"ஆமா சிஸ்டர்" என்றாள் நெட்டை.

கிழவர் நிமிர்ந்து பார்த்தார். சிஸ்டராம். நேற்று உயிர் போகிற நேரத்தில் 'அக்கா, அக்கா' என்று கத்தினாளே, அது எங்கே போயிற்று?

"ஏதாவது விட்டுப்போச்சாம்மா?" என்று கண்ணாடி பெண்டாட்டியைக் கேட்டாள்.

"விட்டுப்போச்சே" என்றாள் அவள். "இந்த மனுஷன் குளிச்சு எத்தனை நாள் ஆச்சுன்னு யாரும் எழுதலியே. இவர் நாத்தத்துக்கு ஒரு ஊசி இருந்தா போட்டு விடுங்க."

தையல்காரி சிரித்து, தையல் வலித்து, "ஐயோ அக்கா, சிரிக்க வைக்காதீங்க" என்றாள். நெட்டையின் உதடு ஓரமாகக் கொஞ்சம் நெளிந்தது. கண்ணாடி அதைப் பார்த்தாளா என்று தெரியவில்லை. இருவரும் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்கள்.

சாப்பாட்டை ஊட்டி முடித்ததும் பெண்டாட்டி சொன்னாள். "வீட்டுக்குப் போங்க. குளிங்க, படுங்க. காலையில வாங்க."

"நான் போயிட்டா யார் பார்க்கறது?"

"அதான் ரெண்டு பேர் இருக்காங்களே."

"ரெண்டு பேர் இருந்துதான் நேத்து ரெண்டு ஊசி."

"அதுக்குத்தான் இப்ப சத்தம் போட்டு சொல்றாங்க. காதுல விழலியா?"

"விழுந்துச்சு, விழுந்துச்சு. மேட்ரன் பின்னால நிக்கறா, அதான் வாய் தொறக்குது. நேத்து பயத்துல அக்கான்னா. இன்னிக்கு சட்டத்துக்கு சிஸ்டர்ங்கறா. பயமும் போயி, மேட்ரனும் போனப்புறம் என்ன சொல்லுவாளாம்?"

"அக்கான்னு கூப்பிட வேணாங்க. ஊசி போட்டாச்சுன்னு சொன்னா போதும் எனக்கு. போங்க."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். குனிந்து அவள் காதோரம் சொன்னார்: "ஆரஞ்சு மூடிய பார்த்தா, தூக்கத்துல இருந்தாலும் கேளு. போட்டாச்சான்னு கேளு."

"கேக்கறேன்."

"எந்த சிஸ்டரா இருந்தாலும் கேளு. மொறைச்சாலும் கேளு."

"நீங்க கேக்கலியே நேத்து" என்றாள் அவள். குரலில் குத்தல் இல்லை. இருந்தாலும் அது குத்தியது. அவர் அவள் கையைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது. சும்மா ஒரு தடவை இழுத்துப் பார்த்தார், விரல்கள் திரும்பி அவர் விரலைப் பிடித்தன.

வாசலுக்கு வந்தார். பின்னால் வார்டுக் கோடியிலிருந்து குரல் கேட்டது. ஒன்று சொன்னது, மற்றது திருப்பிச் சொன்னது. "மருந்து மாத்தியாச்சு." "மருந்து மாத்தியாச்சு." பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பது மாதிரி. அவர் பள்ளிக்கூடத்தில் அதிக நாள் இருந்ததில்லை. ஆனால் ஒப்பித்த பிள்ளைகள் எல்லாம் மறுநாளே மறந்தார்கள் என்பது ஞாபகம் இருந்தது.

படியில் பாதி இறங்கினார். நின்றார். திரும்பி ஏறி வந்து வார்டுக் கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தார். இரண்டு பேரும் கடைசிக் கட்டிலுக்குப் போயிருந்தார்கள். நடுவில் ஒரு ஆள் இடம் அப்படியேதான் இருந்தது. நெட்டை ஏதோ சொன்னாள், கண்ணாடி திருப்பிச் சொன்னாள். பெண்டாட்டி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். நெஞ்சு ஏறி இறங்கியது.

"இன்னிக்கு பேசுவாங்க" என்றார் கிழவர், கதவிடம். "இன்னிக்கு யாரு வேணா பேசுவாங்க."

மறுபடி படி இறங்கி, சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டி, கேட்டுக்கு வெளியே போய்த் தெருவில் நடந்தார். பூட்டாத கேட்டை விட்டுவிட்டு வந்த ஆள் மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டே நடந்தார்.